புது விமானத்தின் பாலாரிஷ்டம்: செலவு யார் தலையில்?

2012-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந்தேதி டெல்லியில் இருந்து சென்னைக்கு ஒரு விமானம் வந்து இறங்கியது. ஏர் இந்தியா வாங்கிய முதல் போயிங் 787, அதாவது 'டிரீம்லைனர்', பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்த முதல் நாள் அது. கனவு விமானம் முதலில் தமிழ் மண்ணுக்குத்தான் வந்தது என்பதில் நமக்கெல்லாம் ஒரு பெருமை.

பெருமை நான்கு மாதம் நிலைத்தது. 2013 ஜனவரி 17-ந்தேதி, அப்போது ஏர் இந்தியாவிடம் இருந்த ஆறு டிரீம்லைனர்களையும் பறக்கவிடாமல் நிறுத்தி வைக்க உத்தரவு வந்தது. இங்கே மட்டும் அல்ல. உலகம் முழுவதும் ஓட்டத்தில் இருந்த 50 டிரீம்லைனர்களும் தரையில் நின்றன. அமெரிக்க அரசு ஒரு ரக விமானம் முழுவதையும் தடுத்து நிறுத்தியது 1979-ல் டி.சி. 10 விமானத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

நான் என்ஜினீயர் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். ஆனால் 'லேட்' என்றால் என்ன, அதை யார் கணக்கில் எழுதுவது என்ற விவகாரத்தில் எனக்குப் பல வருட அனுபவம் உண்டு. எங்கள் இலாகாவில் ஒரு ரெயில் அரை மணி நேரம் தாமதமானால், அந்த அரை மணியை லோகோ கணக்கில் எழுதுவதா, சிக்னல் கணக்கில் எழுதுவதா என்று அதிகாரிகள் மல்லுக்கு நிற்பார்கள். பிளாட்பாரத்தில் மூட்டையோடு நிற்பவனின் அரை மணி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அந்தக் கண்ணோடுதான் இந்த விமானத்தின் கதையைப் பார்க்கிறேன்.

புதிய யந்திரம் எதுவாக இருந்தாலும் முதல் சில வருடம் படுத்தும். நம் பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையில் செய்த முதல் 'வந்தே பாரத்' ரெயிலை 2019 பிப்ரவரி 15-ந்தேதி பிரதமர் கொடி அசைத்து அனுப்பினார். வாரணாசியில் இருந்து திரும்பும்போது மறுநாள் விடியற்காலையில் துண்ட்லா பக்கத்தில் அது நின்றுவிட்டது. பிறகு சரி செய்து ஓட்டினார்கள். இன்று அந்த ரக ரெயில்கள் நாடெங்கும் ஓடுகின்றன. கைக்குழந்தைக்கு பாலாரிஷ்டம் வருவதுபோல்தான் இதுவும். அதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சீக்குக்கு வைத்தியச் செலவு யார் கட்டுவது என்பதுதான் என் கேள்வி.

முதலில் அந்த விமானத்தில் என்ன புதுமை என்று பார்ப்போம். அதன் எடையில் சுமார் பாதி அலுமினியம் அல்ல, கார்பன் நாரும் பிசினும் சேர்ந்த ஒரு பொருள். இன்னொரு புதுமை மின்சாரம். மற்ற விமானங்களில் என்ஜினுக்குள் அழுத்தப்பட்ட சூடான காற்றில் ஒரு பகுதியைக் குழாய் வைத்து இழுத்து, அதைக் கொண்டு உள்ளே காற்றுப் பதனம் செய்வார்கள், இறக்கையில் பனி படியாமல் காப்பார்கள். 787-ல் அந்தக் குழாய் வேலையை எடுத்துவிட்டு மின்சாரத்தால் செய்தார்கள். எரிபொருள் மிச்சம். அதற்காக என்ஜின்களில் நான்கு பெரிய ஜெனரேட்டர்கள், வாலில் உள்ள சிறிய என்ஜினில் இரண்டு. ஒரு சின்ன டவுனுக்கு விளக்கு எரிக்கும் அளவு மின்சாரம் ஒரே விமானத்தில் உற்பத்தி ஆகிறது. இத்தனை மின்சாரத்துக்குத் துணையாக, எடை குறைந்ததும் சக்தி மிகுந்ததுமான லித்தியம் பேட்டரி இரண்டு வைத்தார்கள்.

விமானமே தாமதமாகத்தான் வந்தது. 2007 ஜூலை 8-ந்தேதி பெரிய விழா எடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள். காட்டியது வெறும் கூடு. உள்ளே பல உறுப்புகள் இல்லை, தற்காலிக ஆணிகளால் பிணைத்திருந்தார்கள். இறக்கை ஜப்பானில், உடலின் ஒரு பகுதி இத்தாலியில் என்று பிரித்துக் கொடுத்து, வந்ததைப் பொருத்தினால் போதும் என்று போட்ட திட்டம் அது. பொருந்தவில்லை. 2007-லேயே பறந்திருக்க வேண்டியது 2009 டிசம்பர் 15-ந்தேதிதான் முதன்முதலாக மேலே எழும்பியது. முதல் விமானத்தை ஜப்பானின் ஆல் நிப்பான் கம்பெனி 2011 செப்டம்பரில் பெற்றது. 27 விமானத்துக்கு ஆர்டர் கொடுத்து 2008-ல் எதிர்பார்த்துக் காத்திருந்த ஏர் இந்தியாவுக்கு 2012 செப்டம்பரில்தான் முதல் விமானம் கிடைத்தது. நான்கு வருடத் தாமதம்.

அந்த நான்கு வருடத்துக்கு ஏர் இந்தியா நஷ்ட ஈடு கேட்டது. அந்தப் பேரத்தாலேயே விமானத்தை எடுத்துக்கொள்வது இன்னும் சில மாதம் தள்ளிப் போனது. எத்தனை கோடி என்று பத்திரிகைகள் ஆளுக்கொரு கணக்கு எழுதின. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

2013 ஜனவரி 7-ந்தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜப்பான் ஏர்லைன்ஸ் டிரீம்லைனர் ஒன்று வந்து நின்றது. பயணிகள் இறங்கிவிட்டார்கள். சுத்தம் செய்ய ஏறியவர்கள் புகையைப் பார்த்தார்கள். வால் பக்கத்து பேட்டரி எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 16-ந்தேதி, ஜப்பானில் ஆல் நிப்பான் விமானம் ஒன்றில் நடுவானில் பேட்டரி புகைந்து, தகாமட்சு என்ற ஊரில் அவசரமாக இறக்கி, சறுக்குப் பலகை வழியாகப் பயணிகளை வெளியேற்றினார்கள். இந்தத் தடவை முன்பக்கத்து பேட்டரி. உயிர்ச்சேதம் இல்லை.

பேட்டரியில் இருந்து புகை வருவது ஒரு கோடி மணி நேரப் பறத்தலுக்கு ஒரு தடவைகூட நடக்காது என்று கம்பெனி கணக்குப் போட்டு வைத்திருந்தது. உலகத்தில் உள்ள எல்லா டிரீம்லைனரும் சேர்ந்து அதுவரை பறந்த நேரம் ஒரு லட்சம் மணிகூட நிறையவில்லை. அதற்குள் இரண்டு தடவை நடந்துவிட்டது. காகிதக் கணக்குக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பேட்டரியை ஒப்புக்கொண்டதிலேயே கோட்டை விட்டிருக்கிறார்கள். ஒரு அறையில் ஷார்ட் சர்க்கியூட் ஆனால் சூடு பக்கத்து அறைக்குப் பரவும் என்பதைச் சரியாகச் சோதிக்கவில்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014-ல் இறுதி அறிக்கையில் சொன்னது.

மூன்று மாதத்துக்கு மேல் விமானங்கள் நின்றன. அதற்குள் செய்த பரிகாரம் என்ன? அறைகளுக்கு இடையே காப்பு வைத்தார்கள். பேட்டரியைக் கனமான எவர்சில்வர் பெட்டிக்குள் அடைத்தார்கள். புகை வந்தால் விமானத்துக்கு வெளியே போக ஒரு குழாய் வைத்தார்கள். தீ ஏன் பிடித்தது என்ற மூலகாரணத்தை அப்போது யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. சமையலறையில் சட்டி வெடிக்கிறது என்றால், ஏன் என்று தெரியாமல், சுற்றிலும் இரும்புச் சுவர் எழுப்புவது மாதிரி என்று அப்போது பலர் கேலி பேசினார்கள். நான் கேலி செய்ய மாட்டேன். 2014 ஜனவரி 14-ந்தேதி டோக்கியோ நரிட்டா விமான நிலையத்தில் மறுபடியும் ஒரு டிரீம்லைனர் பேட்டரியில் ஒரு அறை கெட்டுப் புகைந்தது. புகை பெட்டியோடு நின்று குழாய் வழியாக வெளியே போய்விட்டது. பெட்டி வேலை செய்தது.

ஏர் இந்தியா 2013 மே 15-ந்தேதி மறுபடி ஓட்ட ஆரம்பித்தது. அதோடு தொல்லை ஓய்ந்ததா என்றால் இல்லை. அக்டோபர் மாதம் டெல்லியில் இருந்து நம் பெங்களூருக்கு வந்த டிரீம்லைனர் ஒன்று இறங்கிய பிறகு பார்த்தால், அடிவயிற்றில் ஒரு பெரிய தகட்டைக் காணோம். எங்கோ வழியில் கழன்று விழுந்திருக்கிறது. விமானம் பத்திரமாக வந்து சேர்ந்தது, கீழே யார் தலையிலும் தகடு விழுந்ததாகச் செய்தி இல்லை. இருந்தாலும், ரெயில் பெட்டியின் கதவு வழியில் கழன்று விழுந்தால் எங்களை என்ன பாடு படுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விமானக்காரர்களிடம் ஒரு எண் உண்டு. நூறு புறப்பாடுகளில் எத்தனை, யந்திரக் கோளாறால் 15 நிமிடத்துக்கு மேல் தாமதம் ஆகாமல் கிளம்பியது என்ற எண். அதைத்தான் நம்பகம் என்கிறார்கள். 2014 ஜனவரியில் போயிங் கம்பெனியே சொன்னபடி டிரீம்லைனருக்கு இந்த எண் சுமார் 98. அதே கம்பெனியின் 777 விமானத்துக்கு 99-க்கும் மேல். போயிங்குக்கே இதில் திருப்தி இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

நூற்றுக்கு 98 என்றால் பரீட்சையில் முதல் மாணவன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏர் இந்தியா டிரீம்லைனரில் 256 இருக்கை. ஒரு விமானம் நாளுக்கு இரண்டு தடவை கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 730 புறப்பாடு. நூற்றுக்கு இரண்டு தவறினால் 14, 15 தாமதம். நிறைந்த விமானம் என்றால் 3,700 பேருக்கு மேல் காத்துக் கிடந்திருப்பார்கள். இது ஒரே ஒரு விமானத்துக்கு. இன்னொன்றும் உண்டு. 16 நிமிடம் தாமதமானாலும் ஒன்று, 16 மணி நேரம் தாமதமானாலும் ஒன்று. எத்தனை மணி என்பது அந்த எண்ணில் தெரியாது. ஓட்டல் அறை கிடைத்ததா, நாற்காலியில் படுத்தானா என்பது தெரியவே தெரியாது.

இனி என்ஜின். விமானத்தில் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

787-க்கு இரண்டு கம்பெனி என்ஜின் உண்டு. ஒன்று அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் செய்யும் 'ஜென்எக்ஸ்'. மற்றது இங்கிலாந்தின் ரோல்ஸ்ராய்ஸ் செய்யும் 'டிரென்ட் 1000'. வாங்குபவர் விருப்பம். ஏர் இந்தியா எடுத்தது ஜென்எக்ஸ்.

இறக்கைக்கு ஒன்றாக இரண்டே என்ஜின். கடல் மேல் போகும்போது ஒன்று நின்றுவிட்டால் மற்ற ஒன்றை நம்பி அருகில் உள்ள விமான நிலையத்துக்குப் போக வேண்டும். எத்தனை நிமிட தூரத்துக்குள் நிலையம் இருக்க வேண்டும் என்று அரசு ஒவ்வொரு ரகத்துக்கும் வரம்பு விதிக்கும். 787-க்கு 2014-ல் 330 நிமிடம் வரை அனுமதி கொடுத்தார்கள். அதாவது ஐந்தரை மணி நேரம் ஒற்றை என்ஜினில் போகலாம். என்ஜின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஜென்எக்ஸ் என்ஜினின் முதல் பெரிய கோளாறே நமக்கு வரவேண்டிய விமானத்தில்தான் நேர்ந்தது. 2012 ஜூலை 28-ந்தேதி அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், ஏர் இந்தியாவுக்காகச் செய்த டிரீம்லைனரைத் தரையில் ஓட்டிச் சோதித்தார்கள். என்ஜினின் மைய அச்சு ஒடிந்து, பின்பக்கமாகச் சிதறிய துண்டுகளால் ஓடுபாதை ஓரத்தில் புல் தீப்பிடித்தது. அச்சில் பூசும் மசகுப் பூச்சை மாற்றியதால், ஈரம் சேர்ந்து விரிசல் உண்டானது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். பறக்கும்போது ஒடியாமல் தரையில் ஒடிந்தது நம் அதிர்ஷ்டம்.

அடுத்தது பனித்துகள். இது நம் நாட்டுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. மழைக்காலத்துப் பெரிய இடிமேகங்கள் ஈரத்தை மிக உயரத்துக்குத் தூக்கிச் செல்கின்றன. அங்கே அது மாவு போன்ற பனித்துகளாகிறது. விமானத்தின் ரேடாரில் அது சரியாகத் தெரியாது, இறக்கையிலும் ஒட்டாது. ஆனால் என்ஜினுக்குள் போய், வெப்பத்தில் உருகி, மறுபடி உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி உடைந்து உள்ளே போனால் என்ஜின் சக்தி குறையும், தகடுகள் சேதமாகும். 2013 நவம்பரில் போயிங் 15 கம்பெனிகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது: இந்த என்ஜின் உள்ள விமானங்களை இடிமேகத்துக்கு 50 கடல் மைல் அருகே கொண்டுபோகாதீர்கள் என்று. உடனே ஜப்பான் ஏர்லைன்ஸ் டோக்கியோ - டெல்லி, டோக்கியோ - சிங்கப்பூர் தடங்களில் டிரீம்லைனரை எடுத்துவிட்டு வேறு விமானம் விட்டது. ஜூன் முதல் டிசம்பர் வரை இடிமேகம் இல்லாத வானம் நம் நாட்டில் எங்கே இருக்கிறது? மழை நாட்டுக்கு விற்ற என்ஜின், மழை மேகத்துக்கு ஒதுங்கிப் போகவேண்டி வந்தது. பிறகு என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் மாறுதல் செய்தார்கள்.

2016 ஜனவரி 29-ந்தேதி வான்கூவரில் இருந்து டோக்கியோ வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டிரீம்லைனரில் மறுபடியும் பனி. இந்தத் தடவை முன்னால் உள்ள பெரிய விசிறியில் படிந்த பனி உதிர்ந்து, விசிறி தடம் மாறி உறையில் உரசி, ஒரு என்ஜின் நின்றுவிட்டது. மற்ற என்ஜினில் பத்திரமாக இறங்கினார்கள். ஏப்ரலில் அமெரிக்க அரசு ஒரு உத்தரவு போட்டது. அதைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இரண்டு என்ஜினும் ஒரே மாதிரிக் குறையோடு இருக்கக்கூடாது. 150 நாளுக்குள் ஒவ்வொரு விமானத்திலும் குறைந்தது ஒரு என்ஜினையாவது சரி செய்ய வேண்டும் என்று. இரண்டு என்ஜின் இருந்தும் இரண்டுக்கும் ஒரே சீக்கு என்றால், ஒன்றுக்கு ஒன்று துணை என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது.

ரோல்ஸ்ராய்ஸ் கதை இன்னும் நீளம். 2016-ல் பிப்ரவரி, மார்ச், ஆகஸ்டு என்று மூன்று தடவை ஆல் நிப்பான் விமானங்களில் டிரென்ட் என்ஜின் தகடுகள் ஒடிந்தன. காற்றில் உள்ள கந்தகம் கலந்த அசுத்தம் தகட்டை அரித்து, அரித்த இடத்தில் விரிசல் விழுந்திருக்கிறது. அந்தக் கம்பெனி தன் 50 டிரீம்லைனரின் நூறு என்ஜின்களிலும் அந்தத் தகடுகளை மாற்றுவதாக அறிவித்து, பல உள்நாட்டு விமானங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 5, 6 தேதிகளில் நியூசிலாந்தில் அடுத்தடுத்த நாளில் இரண்டு விமானம் என்ஜின் கெட்டுத் திரும்பி வந்தன. 2018 ஏப்ரலில் ஒரு பிரிவு டிரென்ட் என்ஜின்களுக்கு அந்த 330 நிமிட வரம்பை 140 நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். நேராகக் கடலைத் தாண்டிய விமானம் கரையை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகவேண்டி வந்தது. மாற்ற என்ஜின் கிடைக்காமல், ஒரு சமயத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட டிரீம்லைனர்கள் உலகின் பல மூலைகளில் சும்மா நின்றன.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை கோளாறிலும், இந்த ரகம் ஓட்டத்துக்கு வந்து பதின்மூன்று வருடத்துக்கு மேல் ஒரு பயணிகூட விமான விபத்தில் இறக்கவில்லை. இரண்டாவது என்ஜின், எவர்சில்வர் பெட்டி, நேரத்தில் போட்ட தடை உத்தரவு எல்லாம் அதற்கு உதவின. 2025 ஜூன் 12-ந்தேதி ஆமதாபாத்தில் ஏர் இந்தியா டிரீம்லைனர் விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தது வேறு விஷயம். அந்த விமானம் 2014 ஜனவரியில் வாங்கியது. பதினொரு வருடம் ஓடியது. கிளம்பிய சில விநாடிகளில் இரண்டு என்ஜினுக்கும் எரிபொருள் சுவிட்ச் 'கட்' நிலைக்குப் போயிருந்தது என்று ஜூலையில் வந்த முதல்கட்ட அறிக்கை கூறியது. அந்தத் துக்கத்தை என் வாதத்துக்குச் சாட்சியாக இழுக்க எனக்கு மனம் இல்லை. நான் பேசுவது உயிருக்கு ஆபத்து பற்றி அல்ல. காத்துக் கிடந்தவன் கூலி பற்றி.

இப்போது செலவுக்கு வருகிறேன். டிரென்ட் கோளாறுக்காக ரோல்ஸ்ராய்ஸ் ஒதுக்கிய பணம் 200 கோடி பவுனுக்கு மேல். அதில் விமானக் கம்பெனிகளுக்குக் கொடுத்த நஷ்ட ஈடும் அடக்கம். போயிங்கும் தாமதத்துக்குத் தன் வாடிக்கைக்காரர்களோடு பேசிக் கணக்குத் தீர்த்தது. ஆக, என்ஜின் செய்தவன் விமானம் செய்தவனுக்கும் ஓட்டுகிறவனுக்கும் பதில் சொல்கிறான். வக்கீல் வைத்து, ஒப்பந்தம் காட்டி, கேட்டு வாங்குகிறார்கள். சரிதான். இந்த வரிசையில் கடைசியில் நிற்பவன் டிக்கெட் வாங்கியவன். அவனிடம் எந்த ஒப்பந்தமும் இல்லை.

எங்கள் லைன் வீடுகளில் திருப்பத்தூர் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். நல்ல வெல்டர். சில வருடம் முன்பு வெளிநாட்டில் ஒரு ஒப்பந்த வேலை கிடைத்தது. வட்டிக்குப் பணம் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டினான். புறப்படும் இரவு நானும் விமான நிலையம் வரை போனேன். எந்தக் கம்பெனி, எந்த ரக விமானம் என்பது இங்கே வேண்டாம். "டெக்னிக்கல்" என்று சொல்லி இரண்டு மணி நேரம், பிறகு நான்கு மணி நேரம், பிறகு மறுநாள் மாலை என்று தள்ளிக்கொண்டே போனார்கள். ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தார்கள். நடுவில் மாறவேண்டிய விமானம் போய்விட்டது. வேலையில் சேரும் தேதி தவறி, மூன்று நாள் கூலியை அங்கே பிடித்துக்கொண்டார்கள். அந்த மூன்று நாள் வட்டியை ஊரில் யாரும் பிடித்து வைக்கவில்லை.

நம் நாட்டில் விமானப் பயணிக்குப் பாதுகாப்பு விதி இல்லை என்று சொல்ல மாட்டேன். சிவில் விமானத்துறை டைரக்டரேட் விதித்தபடி 2010 முதல் இருக்கிறது. உரிய முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால், இடம் கொடுக்க மறுத்தால், பணம் உண்டு. ஆனால் தாமதம் என்றால் சாப்பாடு, மிக நீண்டால் ஓட்டல் அறை, அல்லது பயணமே வேண்டாம் என்றால் டிக்கெட் பணம். காத்திருந்து அதே விமானத்தில் போனவனுக்கு நஷ்ட ஈடு என்று ஒரு காசு கிடையாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி கோர்ட்டுக்குப் போய் நஷ்டத்தை நிரூபித்துக் கேட்கலாம். மூன்று நாள் கூலிக்காக வெல்டர் கோர்ட்டுக்குப் போவானா?

ஐரோப்பாவில் வேறு மாதிரி. அங்கே 2004-ல் இருந்து சட்டம் உண்டு. யந்திரக் கோளாறு என்பது விமானக் கம்பெனியின் அன்றாடத் தொழிலில் அடங்கியது, அதை அசாதாரண நிலைமை என்று காட்டித் தப்பிக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. மூன்று மணிக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் ரத்து போலவே நஷ்ட ஈடு உண்டு என்று 2009-ல் சொன்னது. ஆயுள் முடியுமுன்பே திடீரென்று கெட்ட உறுப்புக்கும் இது பொருந்தும் என்று 2015-ல் சொன்னது. தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை. இந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் நியாயத்தையும் பார்த்தார்கள். தயாரிப்பில் மறைந்திருந்த குறை வெளிப்பட்டு, எல்லா விமானமும் நிறுத்தப்பட்டால் அது கம்பெனியின் கைமீறியது என்று விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே 2013 ஜனவரியில் நடந்ததுபோன்ற தடைக்கு அந்தச் சட்டத்திலும் நஷ்ட ஈடு கேட்பது கஷ்டம். அதற்குப் பிறகு நடக்கும் பம்ப் கோளாறு, சென்சார் கோளாறு, கம்ப்யூட்டர் கோளாறுகளுக்குக் கேட்கலாம்.

இதை இங்கே கொண்டுவந்தால் டிக்கெட் விலை ஏறும் என்பார்கள். கொஞ்சம் ஏறலாம். இன்னொரு ஆட்சேபம்தான் கனமானது. பணம் கொடுக்கப் பயந்து, கோளாறோடு விமானத்தைக் கிளப்பச் சொல்லி பைலட்டை நெருக்க மாட்டார்களா? இந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ரெயில்வேயிலும் 'பங்சுவாலிட்டி' என்று நெருக்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தக் குறையோடு கிளம்பலாம், எதோடு கிளம்பக்கூடாது என்று விமானத்துக்கு அரசு ஒப்புக்கொண்ட பட்டியல் உண்டு. கடைசி முடிவு கேப்டனுடையது. இத்தனை வருடமாகப் பணம் கொடுத்துவரும் ஐரோப்பாவில் அதனால் விமானங்கள் விழுந்துவிடவில்லை. தாமதத்தால் கம்பெனிக்கு ஏற்கெனவே எரிபொருள், ஓட்டல், ஊழியர் சம்பளம் என்று செலவு இருக்கத்தான் செய்கிறது. அந்த நெருக்கடியில் பயணியின் பங்கு மட்டும் சேரக்கூடாது என்பது என்ன நியாயம்?

எங்கள் ரெயில்வேயிலேயே, கிளம்பும் ஸ்டேஷனில் ரெயில் மூன்று மணிக்கு மேல் தாமதமானால், பயணம் செய்யாதவனுக்கு முழுப் பணம் திருப்பித் தருகிறோம். என்ன காரணத்தால் தாமதம் என்று கவுண்டரில் கேட்பதில்லை. 2019-ல் லக்னோ - டெல்லி தேஜஸ் ரெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் 100 ரூபாய், இரண்டு மணிக்கு மேல் என்றால் 250 ரூபாய் என்று கொடுத்தார்கள். பிறகு அதை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை. ஆனாலும், பயணம் செய்தவனுக்கும் தாமதத்துக்குப் பணம் உண்டு என்ற எண்ணம் இந்தத் தேசத்தில் ஒரு தடவையாவது வந்து போயிருக்கிறது.

இது பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023-ல் ஏர் இந்தியா கொடுத்த ஆர்டரில் ஏர்பஸ் 350 ரகம் 40, போயிங் 787-ல் நீளமான ரகம் 20, புதிய 777எக்ஸ் ரகம் 10 உண்டு. இண்டிகோவும் 2024-ல் ஏர்பஸ் 350 ரகம் 30 கேட்டிருக்கிறது. 2020-ல் வரும் என்று சொன்ன 777எக்ஸ், 2025 முடியும் வரை எந்தக் கம்பெனிக்கும் வந்து சேரவில்லை. அதன் என்ஜினும் புதியது. வரும்போது அதற்கும் பாலாரிஷ்டம் இருக்கும். அப்போது அதில் ஏறப்போவது பெரிய மனிதர்கள் மட்டும் அல்ல. பின்பக்கத்து இருக்கைகளில் நம் ஆட்கள்தான் இருப்பார்கள்: வெல்டர், நர்ஸ், ஓட்டல் தொழிலாளி, கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள், பேரனைப் பார்க்கப் போகும் கிழவி.

ஆகவே அந்த விமானங்கள் வருமுன் டைரக்டரேட் இரண்டு காரியம் செய்யலாம். யந்திரக் கோளாறால் மூன்று மணிக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் பயணிக்கு இவ்வளவு என்று விதியில் எழுதலாம். எந்த ரக விமானம், எந்த என்ஜின், எத்தனை தாமதம், எத்தனை மணி என்று மாதாமாதம் வெளியிடலாம். கம்பெனி அந்தப் பணத்தை என்ஜின் செய்தவனிடம் வசூல் செய்துகொள்ளட்டும். வசூல் செய்ய அவர்களுக்குத் தெரியும்.

அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யுங்கள். விமானம் தாமதமானால் போர்டிங் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். என்ன காரணத்தால் தாமதம் என்று கவுண்டரில் எழுத்தில் கேளுங்கள். அந்த இரவு எங்கள் பையனும் கேட்டான். முதலில் தர மறுத்தார்கள். நானும் பக்கத்தில் நின்று இரண்டு தடவை கேட்ட பிறகு ஒரு சீட்டு கொடுத்தார்கள். "அண்ணே, என்ன எழுதியிருக்கு, படிங்க" என்று என்னிடம் நீட்டினான். நிர்வாகக் காரணங்களால் தாமதம் என்று ஒரே வரி இங்கிலீஷில் இருந்தது. 'டெக்னிக்கல்' என்ற வார்த்தை அதில் இல்லை.